வாசகர் கேள்வி – பதில்: பாண் கடையில் ஏன் ஒருவரும் அசையவில்லை?

கேள்வி: 1909இல் வந்த ‘ஏ கோர்னர் இன் வீற்’ என்ற அமெரிக்க ஊமைப்படத்தை யூடியூப்பில் பார்த்தேன். பாண் கடைக் காட்சியில் சனம் முழுக்கச் சிலை மாதிரி நிற்குது. போன் இறுகிவிட்டதோ என்று தட்டித் தட்டிப் பார்த்தேன். என்ன பிழை? (வாசகி, சுன்னாகம்)

பதில்: போனில் பிழை இல்லை தங்கச்சி, படமும் நிற்கவில்லை. நடிகர்களைத்தான் அப்படியே நிற்க வைத்திருக்கிறார் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித். வடிவாகப் பாருங்கள், ஒன்றிரண்டு பேர் லேசாக ஆடுவது தெரியும். கோதுமை முழுவதையும் வாங்கி மடக்கிய முதலாளி ஒரு பக்கம் விருந்து வைத்துக் கூத்தடிக்கிறார், மறுபக்கம் மா விலை ஏறியதால் 5 சதப் பாண் இனி 10 சதம் என்று கடையில் அறிவிப்புத் தொங்குகிறது, இந்த இரண்டையும் மாறிமாறிக் காட்டிக்கொண்டே வந்துதான் அந்த அசையாத வரிசையைப் போடுகிறார். எழுபதுகளில் விடியக்காலையில் பாண் கியூவில் நின்ற எங்கள் ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2022இல் பெற்றோலுக்கு நின்றவர்களுக்கும்தான்.

முதலாளி தானியக் கிடங்குக்குள் தவறி விழுந்து கோதுமையே மூடிச் சாகிறாரே, அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. கெட்டவன் செத்தால் கணக்குச் சரி என்கிற வழமையான சினிமாப் புத்தி. ஆனால் கிரிபித் அதோடு விடவில்லை. முதலாளி செத்ததால் பாண் விலை இறங்கியதாக ஒரு காட்சியும் இல்லை, விதைக்கிற கமக்காரன் கடைசியிலும் தனியாக விதைத்துக்கொண்டுதான் இருக்கிறான். கால் மணித்தியாலம்கூட இல்லாத படத்தில் இவ்வளவு சொன்னது பெரிய விசயம். கதைக்கு அடி எடுத்துக் கொடுத்தது பிராங்க் நோரிஸ் என்ற எழுத்தாளரின் கோதுமைச் சந்தைக் கதைகள்.

கேள்வி: அதே படத்தில் நடிகர் பெயர் ஒன்றையும் காணோமே, வெட்டிவிட்டார்களா? (அதே வாசகி)

பதில்: வெட்டவில்லை, முதலிலேயே போடவில்லை. படத்தைத் தயாரித்த பயோகிராப் கம்பனி அந்த நாளில் நடிகர்களின் பெயரை வெளியே விடாது. பெயர் எடுத்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்ற பயம், வேறென்ன. முதலாளியாக வருபவர் பிராங்க் பவல், கமெரா பில்லி பிட்சர். அப்புறம், யூடியூப்பில் உங்கள் காதில் விழுந்த பின்னணி இசை பிறகு யாரோ சேர்த்தது. அந்தக் காலத்தில் தியேட்டரிலேயே ஒருவர் இருந்து பியானோ வாசிப்பார், ஊருக்கு ஊர் இசை மாறும். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருக்கால் பாருங்கள்.