பனிமூட்டத்தில் ஒற்றைச் சிவப்பு விளக்கு

கேள்வி: பனிமூட்டம் சூழ்ந்த மலைப்பாதையில் எனக்கு முன்னால் சென்ற காரின் பின்புறம், வலப்பக்கம் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு கண் கூசும்படி எரிந்தது. இடப்பக்க விளக்கு பழுதாகியிருக்குமா? வானிலைக்கேற்பத் தாமாகவே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பின்விளக்குகள் வந்துவிட்டன என்கிறார்களே, அவற்றை நம்பலாமா?
– வாசகர் ஒருவர், குன்னூர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் பார்த்தது பின்புறப் பனிமூட்ட விளக்காக இருக்கும். ஐ.நா. வாகன விதிமுறைகளின்படி இது ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஒன்றே இருந்தால் சாலையின் நடுப்பக்கமாக, அதாவது இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில் வலப்பக்கம், அமைய வேண்டும். பிரேக் விளக்கு என்று பின்னால் வருபவர் மயங்கிவிடாதிருக்க, இரண்டுக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளியும் விடப்படுகிறது.

பார்வைத் தொலைவு 50 மீட்டர் என்றால், அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் ஒளியில் சுமார் 5 விழுக்காடுதான் மிஞ்சுகிறது என்று பொருள். சாதாரணப் பின்விளக்கின் 10 கேண்டெலா (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) ஒளி அங்கே அரை கேண்டெலாவாகச் சுருங்கிவிடும். 200 கேண்டெலா உள்ள பனிமூட்ட விளக்கோ, தெளிந்த இரவில் சாதாரணப் பின்விளக்கு தெரிவதைப் போலத் தெரியும். மங்கலாகத் தெரியும் வண்டியை உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் கண் கணித்துவிடுவதால், இந்த வேறுபாடு உயிர்காக்கும் வேறுபாடாகும். அதே விளக்கு பனி விலகிய பிறகும் எரிந்தால் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதோடு, பிரேக் விளக்கையும் எடுபடாமல் செய்துவிடும்.

இந்தச் சிக்கலுக்காகவே, சூழலுக்கேற்ப ஒளி மாறும் விளக்குகளுக்கு அதே விதிமுறைகள் தனி வகை வகுத்துள்ளன. மாறாத ஒளியுள்ள பனிமூட்ட விளக்குக்கு உச்சவரம்பு 300 கேண்டெலா; மாறும் வகைக்கு 840 வரை அனுமதி உண்டு. இரவில் சிக்னலில் நிற்கும்போது பிரேக் விளக்கைத் தானே மங்கவைக்கும் கார்களும் விற்பனையில் உள்ளன.

நம்பலாமா என்றால், ஓரளவுக்குத்தான் என்பேன். பல கார்களில் 'ஆட்டோ' நிலையில் விளக்கை இயக்கும் உணரி அளப்பது வெளிச்சத்தையே தவிர, எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை அன்று. பகல்நேரப் பனிமூட்டம் வெள்ளைவெளேரென்று இருப்பதால், விளக்குத் தேவையில்லை என்று அது முடிவு செய்துவிடும். அப்போது முன்புறம் பகலில் தாமாகவே எரியும் விளக்குகள் மட்டும் எரிய, பின்புறம் முழுதும் இருண்டு கிடக்கும் கார்கள் பல உண்டு. டேஷ்போர்டு ஒளிர்வதைக் கண்டு, எல்லா விளக்குகளும் எரிவதாக ஓட்டுநர் எண்ணிக்கொள்வார். ஆகவே பனி இறங்கியதும் முகப்பு விளக்கைத் தாழ்நிலையில் நீங்களே போடுங்கள்; அதற்குப் பிறகே பனிமூட்ட விளக்கு.

எப்போது போடுவது என்பதற்கு ஜெர்மனியின் விதி கறாரானது: பனிமூட்டத்தால் பார்வைத் தொலைவு 50 மீட்டருக்கும் குறையும்போது மட்டுமே அனுமதி, அந்நிலையில் வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அங்கே சாலையோரக் கம்பங்கள் பொதுவாக 50 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருப்பதால், அடுத்த கம்பம் தெரிகிறதா என்று பார்த்தே முடிவு செய்துவிடலாம். பிரிட்டனில் இந்தப் பார்வைத் தொலைவு வரம்பு ஏறத்தாழ 100 மீட்டர். அத்தகைய கம்பங்கள் இல்லாவிட்டாலும், நம் மலைப்பாதையில் ஜெர்மானிய அளவே பொருத்தமானது என்பது என் கருத்து.

இந்த விளக்கு இல்லாத வண்டிக்காரர்கள் அதற்குப் பதிலாக ஹசார்டு விளக்கை (எல்லா இண்டிகேட்டர்களும் ஒருசேர மின்னுவது) போட்டுக்கொண்டு ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. பல வண்டிகளில் அது எரியும்வரை இண்டிகேட்டர் வேலை செய்யாது என்பதால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போய்விடும்.