வீட்டு முன்னாடி புல்லுக்கு எந்த மெஷின் வாங்கறது, அதையே தென்னந்தோப்புலயும் ஓட்டலாமா?

கேள்வி: ஆனைமலை தாண்டி கேரளா பார்டர் ஓரமா 2 ஏக்கர் தென்னை, நடுவுல வீடு. வீட்டு முன்னாடி 8 சென்ட் கொரியன் புல், ஓரத்துல அருகம்புல்லும் கலந்து வந்துருச்சு. பாலக்காட்டுல ஒரு கடையில 18 இஞ்ச் பெட்ரோல் லான் மோவர் காட்டி, இத வாங்குங்க தோப்புக்கும் சேத்தி ஓட்டிக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு வயசு 61, முட்டி வலி வேற. வாங்கலாமுங்களா?

பதில்: வணக்கமுங்கண்ணா. தோப்புக்கும் சேத்தி ஓட்டிக்கலாம்னு சொன்னாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மெஷின வாங்கிடாதீங்க. புல்தரை மெஷின் வேற, தோப்பு மெஷின் வேற. லான் மோவருக்கு கீழ பிளேடு தரைய ஒட்டி வேகமா சுத்துது, அது தோப்புல மட்டைக் காம்புலயோ காஞ்ச குரும்பையிலயோ கல்லுலயோ மோதுனா பிளேடு மட்டும் போகாது, இஞ்சின்ல இருந்து கீழ வர்ற ஷாஃப்டே வளைஞ்சிரும். எங்க பக்கத்துத் தோட்டத்துல அப்படித்தான் ஆச்சு, மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு கெடந்த மட்டைக் காம்பு மேல ஏத்திட்டாங்க, டொக்னு ஒரு சத்தம், அதுக்கப்பறம் ஸ்டார்ட் பண்ணா ஹேண்டில புடிச்ச கை ரெண்டு நிமிஷத்துல மரத்துப் போற அளவுக்கு அதிர்வு. பிளேட மாத்திப் பாத்தாங்க, அப்படியேதான் இருந்துச்சு, ஷாஃப்ட் போயிருச்சு.

இப்ப உங்க 8 சென்ட்டுக்கு வருவோம். 8 சென்ட்னா கிட்டத்தட்ட 3,485 சதுர அடி. 15 இஞ்ச் அகல மெஷின்ல ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் ஏறி வெட்டணும்ல, அப்படிப் பாத்தா ஒரு தடவை முடிக்க 1 கிலோமீட்டர் நடை வரும். 18 இஞ்ச்னா 800 மீட்டர். அந்த 200 மீட்டர் மிச்சத்துக்காக 30 கிலோ பெட்ரோல் மெஷின ஒவ்வொரு மூலையிலயும் தூக்கித் திருப்பறது உங்க முட்டிக்கு ஆகாதுங்கண்ணா. சக்கரம் தானா ஓடற மாடல் இருக்கு, நேரா போகும்போது சுகம்தான், ஆனா மரத்தைச் சுத்தித் திருப்பும்போது வெயிட்டு உங்க கையிலதான்.

கையால தள்ற ரீல் மெஷின் பாத்திருப்பீங்க, உருளை மாதிரி பிளேடு சுத்தி கீழ ஒரு பட்டையில உரசி கத்திரிக்கோல் மாதிரி வெட்டும். 1830ல இங்கிலாந்துல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் மொத மொத புல்லு வெட்டற மெஷின் செஞ்சதே இந்த முறையிலதான், துணி மில்லுல பிசிறு வெட்டற மெஷினப் பாத்து செஞ்சதுங்க, மில்லு ஓடற நம்ம கோவைப் பக்கத்துக்காரங்களுக்கு இது உடனே புரியும். வெட்டு ரொம்ப சுத்தமா இருக்கும். ஆனா 2, 3 சென்ட்டுக்குத்தான் சரி, புல்லு ஒரு வாரம் கூட வளந்துட்டா மடங்கிப் படுத்துக்கும், ஒரு சின்ன குரும்பை மாட்டுனாலும் உருளை நின்னுரும். தென்னை நிழல்ல இருக்கற உங்க வாசலுக்கு அது வேண்டாம்.

என் முடிவு, 1400ல இருந்து 1600 வாட் கரண்ட் ரோட்டரி மெஷின் (கீழ பிளேடு ஃபேன் மாதிரி சுத்தி வெட்டறது), 15 இஞ்ச் சுமாருக்கு, பின்னாடி புல்லுப் பெட்டி வெச்சது, உயரம் மாத்தற லிவர் இருக்கணும். பெட்ரோல் மெஷினுக்கு பாதி வெயிட்டுதான் இருக்கும், சத்தம் கம்மி, கார்ப்ரேட்டர் தொல்லை இல்ல. பேட்டரி மெஷினும் நல்லதுதான், ஒயர் இழுக்கற வேலை இல்ல, ஆனா மழைக்காலத்துல கொரியன் புல்லு மெத்தை மாதிரி அடர்த்தியா நிக்கும்போது ஒரு சார்ஜ்ல 8 சென்ட் முடியறது சந்தேகம், ரெண்டாவது பேட்டரி வாங்க வேண்டி வரும், அதோட வெல மெஷின் வெலையில பெரும் பங்கு. அந்தப் பேட்டரி பொள்ளாச்சியிலயோ கோவையிலயோ தனியா கிடைக்குதான்னு விசாரிச்சுட்டு அப்பறம் யோசிங்க.

கரண்ட் மெஷின்னா ஒரு விஷயத்துல நான் கறாரா சொல்லுவேன். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச், போட்ட லைன்ல இருந்துதான் எடுக்கணும், இல்லீன்னா மெஷினே வாங்காதீங்க. ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம்க்கு குறையக்கூடாது. ஒயர தோள்ல போட்டுக்கிட்டு, பிளக் இருக்கற பக்கத்துல ஆரம்பிச்சு வெளிய தள்ளிப் போகணும், அப்பதான் ஒயர் எப்பவும் வெட்டி முடிச்ச புல்லு மேல கெடக்கும், பிளேடுக்குள்ள போகாது. நம்ம பக்கம் ஜூன் பொறந்தா பாலக்காட்டுக் கணவாய் வழியா சாரல் அடிச்சுக்கிட்டே இருக்கும், ஈரப் புல்லுல கரண்ட் மெஷின் ஓட்டவே கூடாது. வெயில் வந்து புல்லு காஞ்சப்பறம் 11 மணிக்கு மேல ஓட்டுங்க.

வாங்கறத விட அப்பறம் வெட்டற விதத்துலதான் புல்தரை நிக்கும். மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவையில வெட்டாதீங்க, 4 சென்டிமீட்டர் வேணும்னா 6 வளரும்போது வெட்டிரணும். மொட்டையா வழிச்சுட்டா மஞ்சளாயிரும், கொரியன் புல்லு திரும்பி வர நாளாகும், அந்த இடைவெளியில கோரை பூந்துரும். வெட்டுன மறுநாள் காலையில குனிஞ்சு ஒரு புல்ல எடுத்து நுனியப் பாருங்க. நேரா பச்சையா இருந்தா பிளேடு நல்லா இருக்கு. நார் நாரா வெளுத்து தொங்குனா அது வெட்டல, அடிச்சுக் கிழிச்சிருக்கு, பிளேட கழட்டி சாணை புடிக்கணும், ரெண்டு பக்கமும் சமமா. நடு ஓட்டையில ஆணி மாட்டித் தொங்க விட்டா எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்கணும். கழட்டறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிடுங்க.

தோப்புக்கு பிரஷ் கட்டர், தோள்ல மாட்டிக்கிட்டு நீளத் தண்டோட நுனியில பிளேடோ நைலான் கயிறோ சுத்தி வெட்டற மெஷின். 4 ஸ்ட்ரோக், 35 சிசி அளவுல பாருங்க. 2 ஸ்ட்ரோக் வெல கம்மிதான், ஆனா வேலைக்கு வர்றவங்க ஆயில் கலக்க மறந்து வெறும் பெட்ரோல ஊத்திட்டா அன்னிக்கே பிஸ்டன் புடிச்சுக்கும். 4 ஸ்ட்ரோக்ல ஆயில் தனியா இருக்கும், ஒவ்வொரு தடவையும் அளவு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணா போதும். இப்ப பெட்ரோல் பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, அது ஈரத்தை இழுக்கும், அதனால மாசக்கணக்குல ஓட்டாம வெக்கறதா இருந்தா டேங்க காலி பண்ணி, மிச்சம் இருக்கறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துங்க.

ஓட்டறதுக்கு ஆள் வெச்சுக்கோங்கண்ணா, அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு 2 ஏக்கர் சுத்தற வேலை உங்களுக்கு வேண்டாம். ஆனா பக்கத்துல நின்னு ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, மரத்துல பிளேடு படக்கூடாது. இளம் தென்னையில தண்டுல காயம் பட்டா அந்த வாசனைக்கு சிவப்பு கூன் வண்டு வந்து முட்டை வெக்கும், வெளிய தெரியறப்ப மரம் உள்ள கூழாயிருக்கும். மரத்தைச் சுத்தி 3 அடிக்கு கையால கொத்தி எடுங்க, சொட்டுநீர் டியூப் ஓரமா பிளேடுக்குப் பதிலா நைலான் கயிறு மாட்டி, அதுலயும் மெதுவா, வரிசைக்கு நடுவுல மட்டும் பிளேடு. பார்த்தீனியம் இருந்தா பூ வைக்கறதுக்கு முன்னாடியே வெட்டிருங்க. கண்ணாடி, பூட்ஸ் இல்லாம யாரையும் ஓட்ட விடாதீங்க, கல்லு தெறிக்கும். வெட்டுன புல்ல தூக்கி எறியாம வட்டப்பாத்தியில மூடாக்கா போடுங்க.

பிரஷ் கட்டருக்கு மானியம் கிடைக்குமான்னு வேளாண் பொறியியல் துறையில கேட்டுட்டு வாங்குங்க, உழவன் ஆப்லயும் பாக்கலாம். கடையில டெமோ காட்டறேன்னா கடை வாசல்ல வேண்டாம், உங்க வீட்டுக்கே வந்து உங்க கொரியன் புல்லுல 10 நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, நீங்களே ரெண்டு தடவை திருப்பிப் பாருங்க, முட்டி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிரும்.