பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றி ரெக்கார்டு கம்பெனியே அச்சிட்டதில் தப்பு இருக்குமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் வினாடி வினா நடத்துகிறவர் கேட்டிருக்கிறார். தாராளமாக இருக்கும். 1962-இல் 'லவ் மீ டூ' பாட்டுக்கு அடித்த விளம்பர இசைத்தட்டிலேயே குழுவின் பால் மெக்கார்ட்னி பெயரில் ஆங்கில 'C' ஒன்றைக் காணோம், 'மெக்ஆர்ட்னி' ஆகிவிட்டார். இன்று அந்தத் தட்டுக்குத்தான் ஏக கிராக்கி!

அதே பாட்டில் டிரம்ஸ் யார் என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். முதலில் வந்த சிங்கிளில் (தனிப்பாட்டுத் தட்டில்) குழுவின் டிரம்மர் ரிங்கோ. 1963-இல் வந்த முதல் ஆல்பத்தில், குழுவில் இல்லாத ஆண்டி வைட். ரிங்கோ கையில் வெறும் டாம்பரின், கஞ்சிரா மாதிரி வாத்தியம். ஜல்ஜல் சத்தம் கேட்டால் ஆல்பப் பதிவு. கேள்வியைத் தமிழிலும் மலையாளத்திலும் வாசிப்பீர்கள் அல்லவா, இரண்டிலும் 'முதல் சிங்கிளில்' என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேடையிலேயே சண்டைதான்.

அப்புறம், முதல் ஆல்பம் முழுக்க ஒரே நாளில் பதிவானது என்பதும் சரியல்ல. 14 பாட்டில் 10 தான் 1963 பிப்ரவரி 11-இல் பாடியவை. மற்றவை முன்பே சிங்கிளாக வந்தவை.