கடல் ஏஞ்சல் மீன் வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: என் வீட்டில் 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று ஓராண்டாக நல்ல முறையில் இயங்கிவருகிறது, அதில் இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. கருநீல உடலில் வெள்ளை வளையங்களுடன் விரல் நீளமே உள்ள எம்பெரர் ஏஞ்சல் குஞ்சு ஒன்றைக் கடையில் பார்த்து ஆசைப்பட்டேன். தொட்டியின் அளவுக்கேற்பத்தான் மீன் வளரும் என்று விற்பவர் உறுதி கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். தொட்டிக்கு ஏற்ற அளவோடு மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்பது, மீன் விற்குமிடங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பொய். இடம் போதாத தொட்டியில் மீன் குன்றிப்போவது உண்மைதான். ஆனால் தேங்கும் கழிவும் ஓயாத மன அழுத்தமும் அதன் உடலைக் கெடுத்துவிட்டன என்பதே அதன் பொருள். எம்பெரர் ஏஞ்சல் செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரையுள்ள பவளப்பாறைகளில் ஏறத்தாழ 40 செ.மீ. வரை வளரக்கூடியது. அதற்கு 800 லிட்டருக்குக் குறையாத தொட்டியும், அந்த நீரைத் தூய்மையாக வைத்திருக்கத் தக்க, கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவியும் வேண்டும்.

நீங்கள் விரும்பும் அந்த வெள்ளை வளையங்களும் நிலைப்பதில்லை. வளர வளர அவை மறைந்து, உடலெங்கும் மஞ்சளும் நீலமுமான கோடுகளும் கண்களின் குறுக்கே கரும்பட்டையும் தோன்றும். வளர்ந்த மீன்கள் தம் இனத்தாரைத் தம் எல்லையிலிருந்து விரட்டுபவை என்பதால், குஞ்சுகள் அடியிலிருந்து தப்புவதற்காகவே வேறு நிறத்தில் இருக்கின்றன என்று கருதப்படுகிறது. தொட்டிகளில் இந்த நிறமாற்றம் சில நேரம் பாதியில் நின்று, இரண்டும் கெட்டான் நிறத்தில் மீன் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே பெரிய ஏஞ்சல் எதுவானாலும், குஞ்சின் படத்தை விட்டுவிட்டு வளர்ந்த மீனின் படத்தையும் அளவையும் பார்த்து முடிவெடுங்கள்.

உங்கள் தொட்டிக்குப் பொருத்தமானவை சென்ட்ரோபைகே பேரினத்தைச் சேர்ந்த குள்ள ஏஞ்சல்கள். நீலமும் ஆரஞ்சும் கலந்த கோரல் பியூட்டி 10 செ.மீ. அளவோடு நின்றுவிடும்; உணவு விஷயத்திலும் அதிகம் அடம்பிடிக்காது. ஒன்று மட்டும் வாங்குங்கள். இந்தத் தொட்டியில் இரண்டு குள்ள ஏஞ்சல்களுக்கு இடமில்லை. நாள் முழுவதும் பாறையைக் கொறித்துக்கொண்டே இருக்கும் மீன் அது. எனவே பாசி படர்ந்த பழைய பாறைகளும், உள்ளே புகுந்து மறுபுறம் வெளிவரத் தக்க இடுக்குகளும் இருக்க வேண்டும். வேறு சாதுவான மீன்களையும் சேர்க்கும் எண்ணமிருந்தால் அவற்றை முதலில் விட்டு, ஏஞ்சலைக் கடைசியில் விடுங்கள். முன்னதாகக் குடியேறிய ஏஞ்சல் பின்னால் வருபவரைப் பாறையருகே அண்டவிடாது.

கேள்வி: கடையில் எல்லா மீன்களும் பளிச்சென்றுதான் தெரிகின்றன. நலமான மீனை எப்படிக் கண்டறிவது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், மீன் உண்பதைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் கண்முன்னே உணவிடும்படி கேளுங்கள். மறுக்கும் கடையில் எந்த விலைக்கும் ஏஞ்சல் மீன் வாங்க வேண்டாம். உணவு விழுந்ததும் மீனின் வாயை மட்டும் கவனியுங்கள். கவ்வியதைத் துப்பி, மீண்டும் கவ்வித் துப்பிக்கொண்டிருக்கும் மீன் உண்ணவில்லை, சுவை பார்க்கிறது. கவ்வியது உள்ளே போய், வாய் இரண்டு மூன்று முறை அசைந்து, மெல்லிய துகள்கள் செவுள் வழியே புகைபோல் வெளிவருமானால், அது மென்று விழுங்கியிருக்கிறது. என்ன உணவு கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் வாரம் அதே உணவைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

பிறகு மீனை முன்பக்கத்திலிருந்து நேராகப் பாருங்கள். வயிறு ஒட்டிப்போயிருந்தாலோ, கண்ணுக்கு மேலே நெற்றிச் சதை வற்றியிருந்தாலோ, அது நாட்கணக்கில் பட்டினி கிடந்த மீன். செவுள் படபடவென்று அடிப்பது, ஒரு செவுளை மட்டும் மூடிவைத்திருப்பது, பாறையில் உடலைத் தேய்ப்பது, கண் மங்கியிருப்பது, துடுப்பில் உப்புத்தூள்போல் வெண்புள்ளி இருப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். அதே நீர் ஓடும் பக்கத்துத் தொட்டியில் நோயுற்ற மீன் இருந்தாலும் இதே முடிவுதான்.

கண்ணால் கண்டறிய முடியாத குறை ஒன்றும் உண்டு. சோடியம் சயனைடு கரைசலைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடிய முறை 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கித் தென்கிழக்காசியாவின் பிற பகுதிகளுக்கும் பரவியது. சட்டம் தடைசெய்தும் அது முற்றாக ஒழியவில்லை. அவ்வாறு பிடிபட்ட மீன் சில நாள் நன்றாகத் தோன்றிப் பின்னர் காரணம் புரியாமல் சாகலாம். அது பிடிபட்ட இடத்தில் சுற்றியிருந்த பவளங்களும் அழிந்திருக்கும். எனவே மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது, கடைக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். இரண்டு வாரம் கடையிலேயே இருந்து ஒழுங்காக உண்ணும் மீன், நேற்று வந்திறங்கிய மீனைவிட அதிக விலை பெறத் தகுந்தது. வளர்ப்பிடத்தில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஏஞ்சல்களின் நுண்ணிய இளங்குஞ்சுகளை உயிரோடு வளர்த்தெடுப்பது மிகக் கடினம் என்பதால் அவற்றின் விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அவை தொட்டி வாழ்க்கைக்கும் தயார் உணவுக்கும் பழகியே வருகின்றன.

மீனைப் பிடித்துத் தரும்போது வலையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஏஞ்சல் மீனின் செவுள் மூடியின் கீழ்ப்பகுதியில் பின்னோக்கி நீண்ட முள் ஒன்று இருக்கும். பட்டாம்பூச்சி மீனிலிருந்து இதைப் பிரித்தறியும் அடையாளமே அந்த முள்தான். வலையில் அது சிக்கினால் விடுவிக்கும் முயற்சியில் செவுள் கிழியும். ஒளி ஊடுருவும் டப்பாவில் நீரோடு சேர்த்து ஏந்தி எடுப்பதே சரியான முறை. அந்த முள் பிளாஸ்டிக் பையையும் துளைக்கும் என்பதால் இரட்டைப் பை கேளுங்கள்.

கேள்வி: ரீகல் ஏஞ்சல் மீன் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

பதில்: விலை பாதியானதற்குக் காரணம் அது உண்ணாமல் இருப்பதாக இருக்கலாம். ரீகல் ஏஞ்சல் கடலில் கடற்பஞ்சுகளையும் அவைபோல் பாறையில் ஒட்டிவாழும் உயிர்களையும் தின்று வாழ்வது; தொட்டிக்கு வந்ததும் பலவும் எதையும் தொடாமல் மெலிந்துபோகின்றன. கரீபியக் கடலின் ராக் பியூட்டி ஏஞ்சலும் பெரும்பாலும் கடற்பஞ்சையே நம்பியிருப்பது. தொடக்கநிலையில் உள்ளவர் இவ்விரண்டையும் ஒதுக்கிவிடுவதே நல்லது. மைசிஸ் இறாலையோ கடற்பஞ்சு கலந்த, உறையவைத்த உணவையோ நீங்கள் பார்க்கும்போதே உண்ணும் ரீகல் என்றால், பெரிய பழைய தொட்டி உள்ளவர் யோசிக்கலாம். எந்த ஏஞ்சலுக்கும் ஒரே உணவு போதாது. நோரி போன்ற கடற்பாசித் தாள், ஸ்பைருலினா என்னும் நுண்பாசி உணவு, மைசிஸ் இறால் ஆகியவற்றை மாற்றி மாற்றி நாளுக்கு இரண்டு மூன்று முறை சிறிதுசிறிதாகக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பவளம் வளர்க்கும் தொட்டியில் ஏஞ்சல் விடலாமா?

பதில்: உத்தரவாதம் தருபவர் எவரையும் நம்ப வேண்டாம். பெரிய ஏஞ்சல்கள் பவளங்களையும் இராட்சதச் சிப்பிகளையும் பெரும்பாலும் கொறிக்கும். குள்ள ஏஞ்சல்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும், அதே இனத்தின் இன்னொன்று முதல் வாரத்திலேயே சதைப்பற்றுள்ள பவளங்களைக் கடிக்கும். நீரில் மிதக்கும் மிதவை உயிர்களை உண்டு வாழும் ஜெனிகாந்தஸ் ஏஞ்சல்கள் மட்டுமே ஓரளவு நம்பத்தக்கவை. அவை நீந்துவதற்கு நீளமான தொட்டியும், வெளியே துள்ளாமலிருக்க மூடியும் தேவை.

கேள்வி: நான் வாங்கிய ஃபிளேம் ஏஞ்சல் என்னும் குள்ள ஏஞ்சலை நேராகப் பெரிய தொட்டியில் விட்டேன். மறுநாளே வேகமாக மூச்சு வாங்கி, மூன்றாம் நாள் இறந்துவிட்டது. "உயிருள்ளவற்றுக்குப் பொறுப்பில்லை" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இறந்த மீனின் படத்தையும் ரசீதையும் இணைத்து, வாங்கிய நேரம், விட்ட நேரம், கண்ட அறிகுறிகள் ஆகியவற்றை எழுத்தில் கடைக்காரருக்கு அனுப்புங்கள். அச்சிட்ட அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உண்ணாத மீனை உண்கிறது என்றோ, நேற்று வந்ததைப் பழகியது என்றோ சொல்லி விற்றிருந்தால் அது பொய்த் தகவல் தந்து விற்றதாகும். அதை முறையிடும் வழி உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் இன்றே உங்கள் தொட்டி நீரையும் சோதித்துக் குறித்துவையுங்கள்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக, வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை, உப்பின் அளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும். அம்மோனியா தென்பட்டால் உங்கள் வழக்கு நிற்காது.

மாற்று மீன் தர அவர் சம்மதித்தாலும் உடனே வாங்கிவர வேண்டாம். மூச்சுத் திணறி இரண்டு மூன்று நாளில் மீன் இறப்பது, அமிலூடினியம் என்னும் ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோயின் வழக்கமான போக்கு. அது இப்போது உங்கள் தொட்டியிலேயே இருக்கலாம். மற்ற மீன்களின் உடலில் பொன்தூள் படிந்ததுபோல் தெரிகிறதா என்று டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தெரிந்தால் எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி மருத்துவம் செய்து, பெரிய தொட்டியைக் குறைந்தது ஆறு வாரம் மீனில்லாமல் விட வேண்டும். வெண்புள்ளி நோய் என்றால் 76 நாள் விடுவது அனுபவசாலிகளின் வழக்கம். புதிய ஏஞ்சல் வரும்போது, ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏற்கெனவே வளர்ந்துள்ள வடிகட்டியும் வைத்த தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். தாமிர மருந்தைக் குள்ள ஏஞ்சல்கள் எளிதில் தாங்குவதில்லை. ஆகவே நோய் உறுதியாகத் தெரிந்த பின்னரே, சோதனைக் கருவியால் நாள்தோறும் அளந்து, அளவைச் சில நாட்களில் படிப்படியாக உயர்த்துங்கள். பையைத் திறக்கும் முன் ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று மீனுக்கான புதிய ரசீதில் இனத்தின் பெயர், அளவு, வந்த தேதி, எத்தனை நாளுக்குள் இறந்தால் மாற்றித் தருவார் என்னும் நிபந்தனை ஆகிய நான்கையும் கடைக்காரரின் கையெழுத்தில் எழுதி வாங்குங்கள்.