100 பேரிடம் கேட்டுவிட்டு "டெல்டா விவசாயிகளில் 72 சதவீதம் பேர்" என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. கல்லூரி ஆய்வுக்கு 100 பேரைச் சந்தித்தேன், 72 பேர் ஒரே பதில் சொன்னார்கள் என்கிறீர்கள். அநேகமாக டீக்கடை, கொள்முதல் நிலையம் என்று ஆள் இருக்கும் இடமாகப் போயிருப்பீர்கள். குறை சொல்லவில்லை, நானும் அதைச் செய்தவன்தான்.

கஜா புயலுக்கு மறு வருஷம், 2019 சம்பா நடவு சமயத்தில், திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு நிவாரணக் கணக்கெடுப்புக்கு தினக்கூலியாகப் போனேன். பட்டியலில் பத்துக்கு ஒரு வீடு என்று எடுத்ததில் எனக்கு 60 வீடு வந்தது. 23 வீடு பூட்டியிருந்தது. "டீக்கடையில இருக்கவங்கள வச்சு நிரப்பிடு" என்றார் மேற்பார்வையாளர். நிரப்பினேன். அறிக்கையில் "சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்", அதாவது எல்லாருக்கும் ஒரே அளவு வாய்ப்பு கொடுத்து எடுத்தவர்கள் என்றே அச்சாகி வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பட்டாக்காரர்கள். பூட்டிய வீட்டு ஆட்கள் நடவு வயலில் நின்றார்கள்.

மனசு கேட்காமல் ஒருநாள் இருட்டிய பிறகு போனேன். ஒரு அம்மா அடிபம்பில் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். "நிவாரணம் திருப்தியாகக் கிடைத்ததா?" என்று படித்தேன். "கெடச்சுதான்னு கேக்குறியா, திருப்தியான்னு கேக்குறியா தம்பி?" என்றார். அதற்குள் 40 படிவத்தில் அந்தக் கேள்விக்கு டிக் அடித்திருந்தேன்.

புள்ளியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், 100 பேர் குறைவு என்று நான் சொல்லவில்லை. முறையாகச் சமவாய்ப்பில் எடுத்த 100 பேர் என்றால் உண்மை அளவு ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி முன்பின் இருக்கும் என்று சொல்லலாம். கண்ணில் பட்டவர்களைக் கேட்டால் அந்தக் கணக்கே செல்லாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்பில் 20 லட்சத்துக்கு மேல் சீட்டுகள் திரும்பி வந்தன. அப்படியும் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லித் தவறியது.

அதனால் "நான் சந்தித்த 100 பேரில் 72 பேர்" என்று எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதும் வரட்டும். கேள்வியைத் தமிழில் கேட்டபடியே பின்னிணைப்பில் வையுங்கள்.

சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கில், பேர் இல்லை என்று பயிர் நிவாரணம் நிலத்துக்காரருக்கே போனது. உழுதவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. எங்கள் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.