வெறும் கல்லுதான?

அன்புள்ள ஐயா,

காட்பாடி வட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினர். 2021 தேர்தலில் ஜெயித்தேன். எங்கள் ஊர் மலையின் மேற்குச் சரிவில் நாலரை ஹெக்டேருக்குக் கல்குவாரி கேட்டு மனு போட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். ஊராட்சிக்கு சீனியரேஜ் பணம் (வெட்டி எடுக்கும் கல்லுக்குக் கட்டும் தொகை) வருமாம், பையன்களுக்கு வேலையாம். பதிவேட்டிலும் அது ‘கல்லாங்குத்து, தரிசு’ என்றுதான் இருக்கிறது. “அங்க இன்னா கீது, வெறும் கல்லுதான?” என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அங்கே யானையும் இல்லை, புலியும் இல்லை. ஆடு ஓட்டுவோம், சூரைப்பழம் பறிப்போம், அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் ஒரு குவாரி முன்பே ஓடுகிறது, வெடி வைத்தால் வீட்டில் பாத்திரம் அதிரும்.

ராஜஸ்தான் பாலைவனத்து ஓரண் காடுகளுக்காக எழுதினீர்களே, எங்கள் மலைக்கு என்ன சொல்வீர்கள்? நாங்களும் ஜல்லி போட்டுத்தான் வீடு கட்டினோம். எதிர்ப்பது நியாயமா? ஆகஸ்ட் 15 கிராம சபையில் என்ன தீர்மானம் போடலாம்?

ஒரு வாசகி

(பெயரையும் ஊரையும் நான்தான் எடுத்துவிட்டேன். குவாரி விஷயத்தில் அதுதான் நல்லது.)

அன்புள்ள சகோதரிக்கு,

ஜல்லியிலிருந்தே தொடங்குகிறேன். கூட்டத்தில் உங்கள் வாயை அடைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். என் வீட்டு மாடிக்குத் தளம் போட முக்கால் ஜல்லி லோடு லோடாக இறங்கியது. எந்த மலை என்று நான் கேட்கவில்லை, டிரைவரிடம் நடைச்சீட்டு, அதாவது கல் ஏற்றிவர அனுமதிச் சீட்டு, இருந்ததா என்றும் பார்க்கவில்லை. ஜல்லி வாங்கியவன் பேசக் கூடாது என்றால் குடிசையில் இருப்பவர் மட்டும்தான் பேசலாம், அவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. கல் வேண்டும்தான். எந்த மலையில், ஊருக்கு எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஆழம் என்று பேசுவது துரோகம் ஆகிவிடாது.

பாலாற்றில் மணல் இருந்தவரை உங்கள் மலையை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆற்றை வழித்தெடுத்து முடித்து, எம்-சாண்ட் வந்த பிறகுதான் கல்லைப் பொடித்தால் காசு என்று ஆயிற்று. அன்று மணலுக்கும் இதே பேச்சுதான்: “ஆத்துல இன்னா கீது, தண்ணியா ஓடுது?”

ராஜஸ்தானைக் கேட்டீர்கள். ஓரண் என்றால் சாமிக்கென்று விட்ட காடு. அங்கே கேஜ்ரி என்பது நம் வன்னி மரம்தான். மரத்தில் கோடாலி படக் கூடாது; ஆடும் ஒட்டகமும் மேயலாம். இந்த நிலங்களில் பல, வருவாய்க் கணக்கில் தரிசு. தரிசென்றால் அரசு நிலம், அரசு நிலமென்றால் யாருக்கும் ஒதுக்கலாம். சூரிய மின் நிலையங்களுக்கு அப்படித்தான் போயிற்று. 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், இந்தக் காடுகளை நேரில் போய்ப் பார்த்தும் செயற்கைக்கோள் படத்தை வைத்தும் அளந்து வரைபடமாக்கும்படி ராஜஸ்தான் அரசுக்குச் சொல்லவேண்டி வந்தது. ஜெய்சல்மேரில் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் பெய்தால் அதிகம், நமக்குச் சுமார் 1000. மழையில் உறவில்லை, பதிவேட்டில்தான் இருக்கிறது.

கல்லாங்குத்து என்று எழுதிய பழைய கணக்குப்பிள்ளை பொய் எழுதவில்லை. ஏர் ஓடாது, தீர்வை போட முடியாது என்பதுதான் அவர் சொன்னது. வரி வராத நிலம் என்று அவர் எழுதியதை, ஒன்றுமே இல்லாத நிலம் என்று நாம் படிக்கிறோம்.

அங்கே என்ன இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஆடு, சூரைப்பழம். கூடத் தண்ணீரும் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலரை ஹெக்டேர் என்பது 45,000 சதுர மீட்டர். ஒரே மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 22.5 லட்சம் லிட்டர். மொட்டைப் பாறை பெரிதாகக் குடித்துவிடாது, வழித்துக் கீழே அனுப்பிவிடும். அது அடிவாரத்து மண்ணில் இறங்கும், ஓடை வழியாக ஏரிக்குப் போகும். குவாரி வந்தால் அதே மழை பள்ளத்தில் தேங்கி நிற்கும். உங்கள் ஏரிக்கு எந்தச் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது என்று ஊரில் மடை திறந்துவிட்ட பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடு ஓட்டுகிறவர்களையும் கேளுங்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு குருவி உண்டு. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளின் புதர்களில்தான் வாழும், அடர்ந்த காட்டில் தேடிப் பயனில்லை. உங்கள் மலையில் இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பாறையில் படுக்கை போல வெட்டோ எழுத்தோ கண்ணில் பட்டதா என்பதையும் சேர்த்து. வள்ளிமலை உங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே பாறையில் சமணச் சிற்பங்களும் கங்க மன்னனின் கல்வெட்டும் உள்ளன.

இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டும் சட்டத்தில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். உங்கள் அலுவலகப் பீரோவைத் திறந்து பாருங்கள். இருக்கலாம், யாரோ ஒருவர் பக்கத்து ஊர்ப் பட்டியலைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம்.

மதுரை அரிட்டாபட்டி இதில் முந்திக்கொண்டது. 2022 நவம்பரிலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிப்பு வாங்கியிருந்தது. 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தபோது கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் போட்டது, 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. காகிதம் மட்டுமே செய்த வேலை இல்லை, தெருவில் இறங்கிய ஜனமும் அரசியல் கணக்கும் சேர்ந்ததுதான். தவிர, அது மத்திய அரசு விட்ட ஏலம். உங்களுடையது சிறுகனிமம், ஆட்சியர் மட்டத்து விவகாரம். அதற்குத் தொலைக்காட்சி வராது.

ஒடிசாவின் நியமகிரியில் 2013-இல் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அதைக் காட்டி “எங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. வருவாய் நிலத்தில், சமவெளி ஊராட்சியில், உங்கள் தீர்மானத்துக்கு அந்தப் பலம் இல்லை. அதனால் “ஒருமனதாக எதிர்க்கிறோம்” என்று ஒரு வரி எழுதினால் அது கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். அளவோடு எழுதுங்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது. டேப் பிடித்து அளந்து போடுங்கள். நத்தமா, அங்கீகரித்த மனையா என்றும் பார்ப்பார்கள்; கொல்லையில் தனியாகக் கட்டிய வீடு கணக்கில் வராமல் போகலாம்.

“இன்னா கீது” என்று கேட்டவருக்கு நம் ஊர்ப் பெயரிலேயே பதில் இருக்கிறது. தோல் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்ததில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்: கெடுதல் வராது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, தொழில் நடத்த வருகிறவருடையது. ஆகவே ஒன்றுமில்லை என்று காட்டவேண்டியவர் மனு போட்டவர். நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி. கிழக்குப் பக்கம் ஒரு குவாரி ஓடுகிறது என்கிறீர்கள். நாலரை ஹெக்டேர் என்ற அளவு சும்மா வந்ததல்ல. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரிக்கு மக்கள் கருத்துக்கேட்பு இல்லாமலே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வழி இருக்கிறது. ஆனால் 500 மீட்டருக்குள் இன்னொரு குவாரி இருந்தால் இரண்டின் பரப்பையும் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. கூட்டினால் உங்களுடையது 5-ஐத் தாண்டிவிடும் போலிருக்கிறது; தாண்டினால் கருத்துக்கேட்பைத் தவிர்க்க முடியாது. பழைய குவாரி 2016 ஜனவரி 15-க்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருந்தால் சேராது. எனவே அந்தத் தேதிதான் இப்போது தேவை.

மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். கிழக்குக் குவாரியின் பரப்பு, குத்தகைக் காலம், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகல், இரண்டு எல்லைகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆகியவற்றைக் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆகஸ்ட் 15-க்குள் கைக்கு வரவேண்டும் என்றால் ஜூலை முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.