சின்ன டெலஸ்கோப்பில் வியாழனைப் போனில் எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறதே, என்ன செய்வது?

போட்டோவை விட்டுவிட்டு வீடியோ எடுங்கள். ஆனால் அதற்கு முன் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை, சரி செய்ய வேண்டும்.

சுற்றிலும் இருக்கும் கருப்பைப் பார்த்து, இருட்டு என்று நினைத்துப் போன் வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. வியாழனோ கண்ணைப் பறிக்கும் பிரகாசம். நைட் மோடை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஷட்டர் நேரத்தையும் இறக்கிக்கொண்டே வாருங்கள். நடுவில் இரண்டு பழுப்புப் பட்டைகள் மங்கலாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது பக்கத்து நிலாக்கள் அநேகமாகக் காணாமல் போகும், பரவாயில்லை. பட்டையும் நிலாவும் ஒருசேரப் பளிச்சென்று இருக்கும் படங்களில் பல, இரண்டு எக்ஸ்போஷரைச் சேர்த்துச் செய்தவை.

அந்த நிலாக்களை ஃபோகஸுக்குப் பயன்படுத்துங்கள். முதலில் எக்ஸ்போஷரை ஏற்றி, ஒரு நிலா ஊசிமுனைப் புள்ளியாகும்வரை டெலஸ்கோப்பின் ஃபோகஸ் குமிழைத் திருகி, அப்புறம் இறக்குங்கள். கிரகத்தின் விளிம்பைப் பார்த்து ஃபோகஸ் செய்ய முயன்றால் விடியும்வரை திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என்னிடம் இருப்பது 130 மி.மீ. விட்டமுள்ள நியூட்டோனியன், அதாவது கண்ணாடி வைத்த டெலஸ்கோப்; குவியத் தூரம் 650 மி.மீ. கண் வைத்துப் பார்க்கும் 10 மி.மீ. ஐபீஸோடு, உருப்பெருக்கத்தைக் கூட்டும் 2 மடங்கு பார்லோ லென்ஸைப் போட்டால் 130 மடங்கு கிடைக்கும். வானத்தின் நகர்வைப் பின்தொடரும் மோட்டார் கிடையாது. வியாழனை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால், மறு ஓரத்துக்கு நகர்ந்து போக ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். வீடியோவுக்கு அது போதும். இன்னும் நீட்டினாலும் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டாதீர்கள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் அதன்மேல் தெரியும் விவரங்கள் படத்தில் இழுபட்டுவிடும்.

வீடியோ எதற்கென்றால், நம் உண்மையான எதிரி காற்று. மதிய வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் எல்லாம் நெளிகிறதே, அதே நெளிவுதான் இரவிலும். நடுநடுவே கணநேரம் காற்று அசையாமல் நிற்கும். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்தில் 3600 ஃபிரேம். அதில் அந்த நல்ல கணங்களும் இருக்கும். ஆட்டோஸ்டாக்கெர்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். நான் நூற்றுக்கு இருபதுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

காற்று விஷயத்தில் மொட்டை மாடி அவ்வளவு நல்ல இடமில்லை. பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் நள்ளிரவுவரை கக்கிக்கொண்டிருக்கும். மண் தரை இருந்தால் அங்கே வையுங்கள். ஏசி அறையிலிருந்து டெலஸ்கோப்பை நேராக வெளியே கொண்டுவராதீர்கள், சென்னை ஈரக்காற்றில் கண்ணாடி வியர்த்துவிடும். லேசாகப் பனிமூட்டம் இருக்கிறதே என்று மூடி வைத்துவிடவும் வேண்டாம். அப்படிப்பட்ட அசைவற்ற இரவுகளில்தான் பட்டைகள் நன்றாக விழுகின்றன. வியாழன் உச்சிக்குப் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருங்கள். கீழ்வானத்தில் இருந்தால் நாம் பார்க்கும் காற்றின் தடிமன் அதிகம்.

நம்மைப் போலவே வெப்ப மண்டலத்தில், பிலிப்பைன்ஸின் செபு நகரத்திலிருந்து கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் எடுத்த படங்களில்தான், 2006-இல் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியது தெரியவந்தது. அவருடைய டெலஸ்கோப் நம்முடையதைவிடப் பெரியது, ஆனால் வீடியோ எடுத்து அடுக்கும் முறை இதேதான்.

கடைசியாக, அடுக்கிய படத்துக்கு ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மை ஏற்றுவீர்கள். ஆசை யாரையும் விடாது. கிரகத்தின் விளிம்பையொட்டி வெள்ளைக் கோடு ஒன்று எழுந்தால் ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கிவிடுங்கள்.